உப்பும் உறைப்பும் இல்லாத தீனி

எனக்கு லேபிள் படிக்கிற வியாதி உண்டு. பள்ளத்தூரில் இருபத்தெட்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறவனுக்கு வரக்கூடியதுதான். பிஸ்கட் பாக்கெட்டானாலும் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பிரிப்பேன். கல்யாண வீட்டில் தண்ணீர் பாட்டில் கொடுத்தால் தேதி பார்ப்பேன். பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள், நான் கண்டுகொள்வதில்லை. படித்ததை எல்லாம் புரிந்துகொண்டுவிட்டதாக ஒரு நினைப்பு வேறு. அந்த நினைப்பு ஒரு நாயை எமலோகம்வரை கூட்டிக்கொண்டு போய்த் திரும்பிய கதை இது.

நாய் என்னுடையது இல்லை, மகளுடையது. காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை, கல்லூரிக்குப் போன பெண் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பாதி நாட்டு நாய். மீதிப் பாதி என்னவென்று அதன் தாய்க்குத்தான் வெளிச்சம். மூன்று வருஷம் அவளுடைய கட்டிலுக்கடியிலேயே வளர்ந்தது. பிறகு அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. திருச்சி விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னிடம் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கறாராகப் பேசினாள்.

"அப்பா, நம்ம வீட்டுச் சாப்பாட்டப் போட்டு அவனக் கெடுத்துறாதீக. பாக்கெட் தீனி மட்டுந்தான். ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

அம்மாவை நம்பவில்லை, என்னை நம்பினாள். அந்தப் பெருமையோடுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அவள் வாங்கி வைத்திருந்த பாக்கெட் தீர்ந்ததும், இதைவிட நல்லதாக வாங்கிக் காட்டவேண்டும் என்று தோன்றிவிட்டது. காரைக்குடியில் நாய், பூனை, மீன் சாமான்கள் விற்கிற கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்கப் பாக்கெட். ஒன்றில் கோழி, ஒன்றில் மீன், ஒன்றில் எலும்புக்கு நல்லது, ஒன்றில் முடிக்கு நல்லது. முடிக்கு நல்லது என்று போட்டிருந்ததை, தலையைத் தடவிக்கொண்டே சற்று அதிக நேரம் படித்தேன். புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். தீனியில் சாம்பல் ஏன் என்று கடைக்காரரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, "அண்ணே, கல்யாணத்துக்குப் பட்டு எடுக்குறவுககூட இம்புட்டு நேரம் நிக்க மாட்டாக" என்றார். இருப்பதிலேயே உயர்ந்த பாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஒரு விஞ்ஞானியைப் போல வெளியே வந்தேன்.

நாய் முகர்ந்து பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி முகர்ந்துவிட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது.

இரண்டு நாள் இப்படியே போனது. பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். எங்கள் பக்கத்தில் பசித்தால் சாப்பிடட்டும் என்று யாரையும் விடுகிற வழக்கம் கிடையாது. பசிக்கவில்லை என்று சொல்கிறவனுக்கும் இன்னும் இரண்டு இட்லி வைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. மூன்றாம் நாள் மத்தியானம், கடையடைத்துச் சாப்பிட வந்தவன், இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஓர் உருண்டையை எடுத்து என் வாயில் போட்டுக் கடித்தேன்.

உப்பு இல்லை, உறைப்பு இல்லை. மரத்தூளில் கருவாட்டுத் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. எனக்கு அந்த நாயின்மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. வாயில்லா ஜீவன், எத்தனை நாளாக இதைச் சகித்துக்கொண்டிருந்ததோ! நாய்க்கு வேறு நாக்கு, பள்ளத்தூர்க்காரனுக்கு வேறு நாக்கு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பின்பக்கத்தில் எழுதியிருந்த அத்தனையையும் படித்தவன், என் நாக்கு சொன்னதைத்தான் நம்பினேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் உப்புக்கறி. சின்ன வெங்காயமும் பூண்டும் வரமிளகாயும் அள்ளிப்போட்டு ஆட்டுக்கறியோடு சுருள வதக்குவது. நான் மடையன் இல்லை. நாய்க்குக் காரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். எனவே மிளகாயை ஒன்றுவிடாமல் பொறுக்கினேன். கறியை வெந்நீரில் அலசினேன். சீக்கிரம் செரிக்கட்டும் என்று வெங்காயத்தை மட்டும் நன்றாக மசித்து, உருண்டைகளோடு பிசைந்து, பின்வாசலில் வைத்தேன். தட்டைக் கழுவத் தேவையே இருக்கவில்லை.

மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளும் மகள் பக்கம்தான், பாக்கெட்டைத் தவிர வேறெதுவும் கூடாது என்று எனக்கே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அதனால் இந்த ஏற்பாட்டை அவளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு நின்றதா? திங்கள் குழம்பு, செவ்வாய் கூட்டு. எங்கள் வீட்டில் வெங்காயம் போடாமல் வைப்பது வெந்நீர் மட்டும்தான்.

மகள் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். "அவன் சாப்ட்டானா?" என்பதுதான் முதல் கேள்வி. காலித் தட்டுக்குப் பக்கத்தில் அந்த உயர்ந்த பாக்கெட்டை நிறுத்திவைத்துப் படம் எடுத்து அனுப்புவேன். "சூப்பர்ப்பா! நீங்கதான் கரெக்ட்டா பாத்துக்கிறீக" என்று பதில் வரும். கூடவே இதயப் பொம்மைகள். நான் அவற்றை எண்ணிப் பார்த்ததுண்டு, வெட்கமாக இருக்கிறது.

சித்திரை வெயில் ஏற ஏற நாய் சுணங்க ஆரம்பித்தது. வாலை ஆட்டுவதற்குக்கூட யோசித்தது. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. உடம்புச் சூடு! சூட்டுக்குச் சின்ன வெங்காயத்தைவிட உண்டா? தயிர்ச்சோற்றில் பச்சையாகவே தட்டிப் போட்டேன். இன்னும் சுணங்கியது. இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

ஒரு நாள் காலையில் மனைவி பின்வாசலிலிருந்து சத்தம் போட்டாள். "ஏங்க, இங்குட்டு வாங்க! இது என்ன இந்த நெறத்துல ஒண்ணுக்குப் போயிருக்கு!"

பால் விடாத டீயின் நிறம். நாய் சுவரோரம் நின்று தள்ளாடியது. ஈறைத் தூக்கிப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. கடையைத் திறக்காமலே ஆட்டோ பிடித்துக் காரைக்குடி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆட்டோவில் நாய் என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. அதற்குமுன் அது என் மடியில் படுத்ததில்லை. இதற்கு ஏதாவது ஆனால் மகளிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. நாயை மேசையில் ஏற்றிப் பார்த்தபடியே, "என்ன சார் சாப்பாடு குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

என் கடைக்கு வருகிறவர்களிடம் டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது புத்தி சொல்கிறவன் நான். பக்கத்தில் மனைவி நின்றாள். பின்னால் ஆட்டுக்குட்டியோடு எங்கள் ஊர்க்காரர் ஒருவர், என் வாடிக்கையாளர், காத்துக்கொண்டிருந்தார்.

"பாக்கெட் தீனி மட்டுந்தாங்க டாக்டர்" என்றேன். புரதம் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மனைவியும், "ஆமா, வேற ஒண்ணுமே குடுக்குறதில்ல" என்றாள். எனக்காகச் சாட்சி சொல்கிறாள் என்று உள்ளுக்குள் நன்றியாக இருந்தது.

அப்படியானால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ரத்தம் எடுத்தார், ஊசி போட்டார், நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார். சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது, வெயில் அசதியில் தூங்குகிறான் என்று சொல்லி, போனை நாயின் முகத்துக்கு மட்டும் காட்டினேன்.

மறுநாள் நாயைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "உண்ணிக் காய்ச்சல் இல்ல சார். ஆனா ரத்தம் ஒடைஞ்சுக்கிட்டே போகுது. என்னன்னு தெரிஞ்சாத்தான் நான் ஏதாச்சும் செய்ய முடியும். நெசமாச் சொல்லுங்க, வெங்காயம், பூண்டு எதாச்சும் சாப்புட்டுச்சா?"

நாய் மேசையில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சம்னா?"

"ரெண்டு."

"ரெண்டு வெங்காயமா?"

"ரெண்டு கரண்டி."

"எத்தன நாளா?"

"அது ஆச்சு... மாசிலேர்ந்து."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்தார். "நாய்க்கு வெங்காயமே ஆகாது சார். ரத்தத்துல இருக்குற செவப்பணுவ ஒடச்சுப்புடும். பூண்டும் அப்பிடித்தான்." பிறகு, அவ்வளவுதானா, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

மனைவி முந்தானையைக் கசக்கிக்கொண்டே, "காலைல இவுக கடைக்குப் போனதும்... பழைய சோத்துல மோரு ஊத்தி... ஏழெட்டு வெங்காயம் தட்டிப் போட்டு... சூட்டுக்கு நல்லதுன்னுதான்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "நீயா? எங்கிட்ட அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டு நீயா?" என்று பாய்ந்தேன், ஏதோ நான் யோக்கியன் போல. அவளும் விடவில்லை. "நீங்க மட்டும்? போட்டோ வேற எடுத்து அனுப்பினீகளே!"

"ரெண்டு பேரும் வெளிய போயிச் சண்ட போடுங்க. எனக்கு இவனப் பொழைக்க வைக்கணும்" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கும் வந்து காத்திருந்த ஆட்டுக்குட்டிக்காரர் மரியாதையாக எங்களுக்கு வழிவிட்டார்.

மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. காலையில் போய்ச் சாயங்காலம்வரை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிழைக்குமா என்று கேட்டால், பார்ப்போம் என்பதுதான் பதில். பயமாக இருந்தது. நானே என் கையால் பிசைந்து, மசித்து, ஆசை ஆசையாக ஊட்டியது. மனைவி குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். என் தலையில் கொடுப்பதற்கு முடி இல்லை. இவன் பிழைத்தால் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று நானும் வேண்டிக்கொண்டேன். அதைவிடக் கஷ்டமான நேர்த்திக்கடன் அப்போது என்னிடம் இல்லை.

பிழைத்துவிட்டது. நாலாம் நாள் எழுந்து நின்று, ஆட்டுக்குட்டி ஒன்றைப் பார்த்துக் குரைத்தது. நான் வாய்விட்டு அழுதேன், மனைவி என்னைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். இப்போது அதற்கு வெறும் சோறும், உப்புப் போடாமல் வேகவைத்த கோழியும்தான். அந்த ஊர்க்காரர் புண்ணியத்தில் விஷயம் பள்ளத்தூர் முழுக்கப் பரவிவிட்டது. மாத்திரை வாங்க வருகிறவர்கள், "அண்ணே, இத வெங்காயத்தோட சாப்புடலாமா?" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்கிறார்கள். நானும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொல்கிறேன்.

வேண்டுதலை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நாயே பிழைத்துவிட்டதே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். முருகனிடம் கடன் வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது, உப்புக்கறியிலிருந்து குளுக்கோஸ்வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாய் சாகக் கிடந்ததையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அப்ப அந்தப் போட்டோவெல்லாம் பொய்யா?"

"ஆமாத்தா."

"தெனமும் கேட்டேனேப்பா. தெனமும் சொன்னீக."

"சொன்னேன்."

இப்போது நாய் எப்படி இருக்கிறது என்று கேட்பாள் என்று, போனை அதன் பக்கம் திருப்பப் போனேன்.

"அங்குட்டுத் திருப்பாதீக. என்னயப் பாருங்க" என்றாள். "போன மாசம் சுகர் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீகளே. அது?"

எனக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. மாதம் ஒரு தடவை எடுக்கவேண்டிய டெஸ்ட்டை அவள் போனதிலிருந்து நான் எடுக்கவே இல்லை. ஊருக்கே மாத்திரை கொடுக்கிறவனுக்குத் தன் உடம்பு தெரியாதா என்ற நினைப்பு. அவள் கேட்டால் சர்க்கரை அளவை மட்டும் நானாக ஒன்று சொல்லிவிடுவேன், நல்ல எண்ணாகப் பார்த்து.

"அப்பா, கேக்குதா?"

"எடுக்கலத்தா" என்றேன்.

நாய் செத்துப் பிழைத்ததைச் சொன்னபோது அழாத பெண், அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.