கண் வைக்க மறந்த கிளி

பழைய மானிட்டர் சூடேறினா ஒரு வாசனை வரும், ஞாபகம் இருக்கா? தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து லேசா கருகுற மாதிரி... இன்னைக்குக் காலையிலேர்ந்து அந்த வாசனை என் மூக்கை விட்டுப் போக மாட்டேங்குது. ஏன்னு கடைசியில சொல்றேன். கோவத்துல எழுதறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

காலேஜ் முடிச்ச கையோட ஆரணியில ஒரு டிசைன் சென்டர்ல வேலைக்குச் சேர்ந்தேன். சென்டர்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, மாடியில ஒரே ஒரு ரூம். ஒரு கம்ப்யூட்டர், அட்டையில ஓட்டை போடுற மெஷின் ஒண்ணு, ஒரு மேஜை ஃபேன். ஃபேன் கம்ப்யூட்டருக்கு... எங்களுக்கு இல்லை. ஓனரை ஊரே பாய்னு கூப்பிடும், நானும் அப்படித்தான்.

பட்டுப்புடவை பார்டருக்கு டிசைன் போடுறது என் வேலை. முதல்ல கட்டம் போட்ட நோட்டுல பென்சில்ல வரைவேன். அப்புறம் அதையே ஸ்கிரீன்ல ஒவ்வொரு கட்டமா ரொப்பணும். அதுப்படி அட்டையில ஓட்டை விழும், அட்டை தறி மேல ஏறும். ஓட்டை எப்படியோ புடவை அப்படி.

நான் தனியா போட்ட முதல் டிசைன் ஜோடிக் கிளி. மூக்கோட மூக்கு வச்சுகிட்டு ரெண்டு கிளி, நடுவுல ஒரு மாங்காய். மூணு வாரம் உட்கார்ந்தேன். முதல் புடவை தறியிலேர்ந்து வந்ததும் பாய் விரிச்சு வச்சுப் பார்த்தார்... பார்த்துகிட்டே இருந்தார்.

"எஸ்தரு, வலது பக்கத்துக் கிளிக்குக் கண்ணு எங்கம்மா?"

ஒரே ஒரு கட்டம். ரொப்ப மறந்திருக்கேன். பார்டர் முழுக்க வலது பக்கத்துக் கிளி ஒண்ணுக்கும் கண் இல்லை. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பாய் சிரிச்சார்.

"வுடும்மா, அப்டியே இருக்கட்டும். எவனாவது காப்பி அட்ச்சா கண்டுபுடிக்க சுலுவா இருக்கும்."

அவர் வாய் முகூர்த்தம்... ரெண்டே மாசத்துல, அடுத்த தெரு முனிரத்தினம் அண்ணன் தறியில அதே கிளி ஓடுதுன்னு தெரிஞ்சுது. நேரா அவர் வீட்டுக்கே போயிட்டேன். பாய் பின்னாடியே ஓடி வந்தார். தறியில இருந்த புடவையில விரலை வச்சுக் கண் இல்லாத கிளியைக் காட்டினேன்.

முனிரத்தினம் அண்ணன் அசரவே இல்லை. "இன்னாம்மா பண்றது... அதுக்குத்தான் கண்ணு இல்லியே. வழி தெரியாம என் தறிக்கு வந்துட்ச்சு."

சண்டை போடப் போனவ சிரிச்சுட்டேன். அவங்க வீட்டம்மா டீ போட்டாங்க. தறியில ஏத்தின பாவு நூல் முடியற வரைக்கும் நெய்யலாம், அப்புறம் அட்டையைக் கழட்டிடணும்னு பேசி முடிச்சோம். சொன்னபடி கழட்டி, அவரே கொண்டாந்து கொடுத்தார். காபிரைட்னு ஒரு வார்த்தை யார் வாயிலயும் வரலை.

அந்த வார்த்தையை நான் முதல்ல கேட்டது ஒரு மத்தியானம். ஜீப்ல வந்து இறங்கினாங்க. ரெண்டு போலீஸ், கூட டை கட்டின கம்பெனி ஆள் ஒருத்தர். நாங்க வச்சிருந்த டிசைன் சாஃப்ட்வேர் காப்பி. தப்புதான்... இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா சாஃப்ட்வேருக்காக வந்தவங்க எதையெல்லாம் எடுத்தாங்க தெரியுமா? கம்ப்யூட்டர் போச்சு. அட்டைக் கட்டு போச்சு. பாய் கேட்கிற பாட்டு சிடி போச்சு. மேஜை ஃபேனையும் தூக்கினாங்க. கடைசியா என் கட்டம் போட்ட நோட்டு.

"சார், அது என் நோட்டு சார். நானே கையால வரைஞ்சது."

"எல்லாம் கேஸ்ல வரும்மா. கோர்ட்ல கேட்டு வாங்கிக்கோ. ஏம்ப்பா, ஜல்தியா எறக்குங்க!"

அந்த ஒரு நோட்டுக்காகக் கோர்ட்டுக்கு நடையா நடந்தேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, ஒரு கிளார்க் லிஸ்ட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'பல்வகைக் காகிதங்கள், ஒரு கட்டு.' அவ்வளவுதான். "இதுல நோட்டுன்னே இல்லியேம்மா, இல்லாததை எப்டி குடுக்கிறது?"ன்னு கேட்டார். பாய் வெறுத்துப் போய் ரூமைக் காலி பண்ணிட்டார். அந்த முதல் கிளிப் புடவையை என் கல்யாணத்துக்குக் கொடுத்தார்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன வாரம் அந்தப் புடவையைக் கட்டிகிட்டு ஒரு போட்டோ போட்டேன், நீங்ககூட நிறைய பேர் லைக் போட்டீங்க. இன்னைக்குக் காலையில பார்த்தா காணோம். 'இந்த டிசைன் வேறொருவரின் காபிரைட்'னு நோட்டீஸ். யாருப்பா அந்த வேறொருத்தர்னு தேடினா, பிரிண்ட் புடவை விக்கிற ஒரு கம்பெனி. ஏஐ உருவாக்கிய புத்தம் புது டிசைனாம். பெருசு பண்ணிப் பார்த்தேன். அதே மூக்கு, அதே மாங்காய்... வலது பக்கத்துக் கிளிக்குக் கண் இல்லை! அந்த நிமிஷத்துலேர்ந்துதான் மூக்குல அந்தப் பழைய மானிட்டர் வாசனை.

அப்பீல் பண்ணலாம்னு போனா, ஒரிஜினல் டிராயிங் அப்லோட் பண்ணுன்னு கேட்குது. ஒரிஜினல் டிராயிங்குக்கு நான் எங்கே போவேன்? அது எந்த ரூம்ல பல்வகைக் காகிதமா மட்கிக் கிடக்கோ. கல்யாண போட்டோவை ஏத்தி, 'அவங்க கிளிக்கு ஏன் கண் இல்லைன்னு கேளுங்க'ன்னு எழுதினேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. 'உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.' கீழேயே, இந்தப் பதில் பயனுள்ளதாக இருந்ததான்னு ஒரு கேள்வி வேற.

சட்டமும் நம்ம நல்லதுக்குத்தான் வருதாம், மெஷினும் நம்ம நல்லதுக்குத்தான் வருதாம். உழைச்சவங்களைக் காப்பாத்தறோம்னு சொல்லிகிட்டு ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டு தடவையும் என் கையிலேர்ந்துதான் பிடுங்கிகிட்டுப் போனாங்க. எனக்கு இனிமே நம்பிக்கை இல்லை, சாமி.

காலையிலேர்ந்து வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமா நடக்கறேன். யார் வீட்டுக்குப் போய் சண்டை போடறது? முனிரத்தினம் அண்ணனும் திருடினவர்தான். ஆனா அவருக்கு ஒரு வாசல் இருந்தது. வழி தெரியாம வந்துட்ச்சும்மான்னு முகத்தைப் பார்த்து ஒரு பொய் சொன்னார். இங்கே அந்தப் பொய்யைச் சொல்றதுக்குக்கூட ஆள் இல்லை.

அதே போட்டோவை இந்தப் பதிவோட மறுபடியும் போட்டிருக்கேன். எவ்வளவு நேரம் விட்டு வைப்பாங்கன்னு தெரியாது. தூக்கறதுக்குள்ள அந்த வலது பக்கத்துக் கிளியை ஒரு தடவை பார்த்துடுங்க... அது நான் வரைஞ்சது.