அரூரில் மூன்று தீர்த்தகிரிகள்

தீர்த்தமலைச் சாமியே ஆட்டோ ஓட்டிக்கொண்டு எனக்காக இறங்கி வந்துவிட்டார் என்று அரை மணி நேரம் நம்பினேன். கோயிலுக்குள் கால் வைக்காதவன் நான். தற்செயல்களை மட்டும் ரசிப்பேன். பேருந்து எண்ணும் வீட்டு எண்ணும் ஒன்றாக அமைந்தால் அன்றைக்குக் காப்பி கூடுதலாக இனிக்கும். என் பக்தி அவ்வளவுதான்.

காலை 7.10, தருமபுரி. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி நாங்கள் இங்கே வந்து இரண்டு மாதம். மறுநாள் மகளுக்குச் சேலத்தில் கல்லூரிச் சேர்க்கை. அவளுடைய அசல் மதிப்பெண் பட்டியலைத் தீர்த்தமலையில் சாமி காலடியில் வைத்து எடுத்தே ஆகவேண்டும் என்றாள் மனைவி. அதை வைத்த மஞ்சள் பையைத் தூக்குவது என் வேலை. அரூர் வரை நாற்பது கிலோமீட்டரும் தூங்கினேன். அங்கே வண்டி மாறி இன்னும் பதினாறு.

9.20, அடிவாரம். "டீயக் குடிச்சிட்டு வாங்க, நான் முன்னால ஏறுதேன்" என்று பூக்கூடையோடு போய்விட்டாள். டீ வந்தது. மடியைப் பார்த்தேன். மஞ்சள் பையைக் காணோம். தூங்கி வந்த முதல் வண்டியிலேயே விட்டிருக்க வேண்டும். அவளுக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. நாளைக்கு மகள் எதை நீட்டுவாள்? என் ஆதார் அட்டையையா?

ஆட்டோக்காரர் நானூறு கேட்டார். பேரம் பேசாமல் ஏறியது வாழ்க்கையில் அதுவே முதல்முறை.

"பதறாதீங்க சார். எம் பேரு தீர்த்தகிரி, இந்த மலைச்சாமி பேருதான். நான் இருக்கறன்ல?"

10.05, அரூர். பேருந்து நிலைய டைம்கீப்பரின் சட்டையில் பெயர்ப்பட்டை: தீர்த்தகிரி. இரண்டாவது! விஷயத்தைக் கேட்டதும் அவர் நடத்துநருக்குப் போன் போட்டார்.

"ஏப்பா தீர்த்தகிரி, உன் வண்டியில மஞ்சப் பை எதுனா கெடந்துச்சா?"

மூன்றாவது! கைகள் தாமாகவே கூம்பின. மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். முக்கால்வாசி வேலை ஏற்கெனவே முடிந்த தலை.

ஸ்பீக்கரில் பதில் வந்தது. "வாயத் தொறந்துட்டுத் தூங்கினாரே, அவருங்களா? அந்தம்மா அப்பவே மடியிலருந்து பைய எடுத்து கூடையில வெச்சிக்கிச்சே!"

திரும்பும் வழியில் ஆட்டோ தீர்த்தகிரி சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. "இந்த மலைக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தா இந்தப் பேருதாங்க. எங்க தெருவுலயே ஆறு பேரு. எல்லாரையும் கும்பிடுவீங்களா?"

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் "இசக்கி" என்று கூப்பிட்டால் பத்துத் தலை திரும்பும். அது எங்கள் அம்மன் பெயர்; என் பெயரே இசக்கிமுத்து. ஒருத்தரும் என்னைக் கும்பிட்டதில்லை.

11.15, அடிவாரம். மனைவி இறங்கி நின்றிருந்தாள். "ஒரு டீக்கு ரெண்டு மணி நேரமா?"

பையில் திருநீறு அப்பியிருந்தது. அரூரில் நான் டைம்கீப்பரைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அது மலைமேல் சாமி காலடியில் இருந்திருக்கிறது.