சுண்ணாம்புக் கட்டம்

பூப்பந்துக் குழுவில் இருப்பதா, நின்றுவிடுவதா என்ற ஒரே கேள்வியோடு நான் மூன்று வாரம் படுத்து மூன்று வாரம் எழுந்தேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். அதற்கு முன்னால் நானாக முடிவு செய்ய வேண்டிய காரியம் என்று ஒன்றும் வந்ததில்லை. எந்தப் பாவாடை, எந்தப் பள்ளி, எத்தனை மணிக்குத் தலைக்குக் குளிப்பது என்பதெல்லாம் வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதனால் முடிவெடுப்பது எப்படி என்பதே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவிலிருந்து நாலு பெண்கள் அந்தப் பள்ளிக்குப் போனோம். நாலும் முஸ்லிம் வீடு, நாலும் தோல் வியாபாரம். பின்பக்கம் திரை கட்டிய ஜட்கா வண்டி காலையில் எங்களை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் பள்ளி நாலு மணிக்கு விட்டாலும், வண்டிக்காரர் வேறு சவாரி முடித்துவிட்டு ஐந்துக்குத்தான் வருவார். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களை ஆட்டக்காரிகள் ஆக்கியது. பூப்பந்துக்கு ஒரு பக்கம் ஐந்து பேர் வேண்டும். நாங்கள் நாலு பேர். ஐந்தாவது ஆள் சித்தையன்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். விடுதியில் தங்கிப் படித்தாள். அவள்தான் கேப்டன். மாற்று ஆளாக ஆறாவதாக ஒரு சின்னப் பெண்ணும் இருந்தாள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தையல் டீச்சர். பழைய டிரில் டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டதால், விசிலை எடுத்து இவர் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். தாடிக்கொம்பிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். பூப்பந்து மட்டையை அவர் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கோடு போடத் தெரியும். நூல் பிடித்து, சுண்ணாம்புத் தூள் தூவி, ஆடுகளத்தின் எங்கள் பாதியை ஐந்து கட்டமாகப் பிரித்தார். ஆளுக்கொரு கட்டம்.

"உன் கட்டத்துக்குள்ள வர்ற பந்து உன்னுது. அடுத்த கட்டத்துக்கு வர்றது அவளுது. கோட்டைத் தாண்டக் கூடாது. குதிக்கக் கூடாது" என்றார்.

அவ்வளவுதான் எங்கள் பயிற்சி. எப்படி அடிப்பது, எங்கே அடிப்பது, எதிரி எங்கே காலியாக விட்டிருக்கிறாள் என்று பார்ப்பது, இதையெல்லாம் அவர் சொன்னதே இல்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். யார் பாதமாவது சுண்ணாம்பை மிதித்தால் விசில் ஊதும்.

எனக்கு உயரம் அதிகம். கையும் நீளம். பின்வரிசை வலது கட்டம் என்னுடையது. மஞ்சள் கம்பளிப் பந்து தலைக்கு மேலே மிதந்து வரும்போது என் கால் தன்னால் தரையை விட்டு எழும்பிவிடும். அந்த நேரத்தில் அது என் கட்டமா, பக்கத்துக் கட்டமா என்று யாருக்குத் தெரியும்? பந்து எதிர்ப்பக்கம் போய் 'பொத்'தென்று விழும். கேப்டன் கூவுவாள். உடனே விசில். பத்து நிமிஷம் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும். பாயிண்ட் எடுத்ததற்குத் தண்டனை! அதே சமயம், இரண்டு கட்டத்துக்கு நடுவில் விழும் பந்தை இரண்டு பேரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றால் டீச்சர் தலையை ஆட்டிக்கொள்வார். அந்த வருஷம் நாங்கள் ஆடிய எல்லாப் பள்ளியிடமும் தோற்றோம்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவன் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டு கால்பந்து ஆடினான். அதனால் உலகத்தில் உள்ள எல்லா ஆட்டமும் தனக்குத் தெரியும் என்று நம்பினான்.

"கட்டமா? என்ன புள்ள, தாயமா ஆடுறீக? அந்த டீச்சருக்கு ஒண்ணும் தெரியலை. நின்னுரு. வெளங்காத எடத்துல இருந்துக்கிட்டு என்ன செய்யப்போறே?"

அடுத்த நாளே அவனே மொட்டை மாடியில் துணிப்பந்தை எறிந்து, "ஓடு, பின்னாடி ஓடு, குதி!" என்று பயிற்சியும் கொடுத்தான். நிற்கச் சொன்னவன் எதற்குப் பயிற்சி கொடுக்கிறான் என்று விளங்கவில்லை. கேட்டால், "நிக்கிறதுக்கு முன்னாடி நல்லா ஆடிக் காட்டிட்டு நில்லு" என்றான்.

கேப்டனிடம் போனேன். அவள் கண் கலங்கிவிட்டது. "நீ நின்னா ஒங்க தெரு மூணு பேரும் நின்னுருவாக. அப்பறம் நான் ஒருத்தி மட்டையை வச்சுக்கிட்டு என்னத்தைச் செய்ய? அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புடிக்கலைன்னா நின்னுக்க. ஆனா பெரியத்தாகிட்ட நீயாப் போயிச் சொல்லாதே."

அங்கேதான் சிக்கலே. பெரியத்தா, அதாவது அத்தா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பாவின் அண்ணன், எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவுக்கே பெரியவர். வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு என்று ஆரம்பத்தில் மறுத்தவர் அவர்தான். பிறகு ஒரு நாள் எப்படியோ சரி என்றுவிட்டார். இப்போது நான் நின்றேன் என்றால், "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதைவிட வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பது மேல் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், எவ்வளவு நாள்தான் உட்கார்ந்திருப்பது என்று தோன்றும். நின்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். நாலு மணி அடித்ததும் கால் மைதானத்துக்குப் போய்விடும். அங்கே போனதும் ஏன் வந்தோம் என்று இருக்கும்.

இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் பழனிப் பள்ளியோடு ஒரு ஆட்டம் வந்தது. சனிக்கிழமை காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டும். பெரியத்தா எப்படியும் விடமாட்டார், என் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்று இருந்தேன். அவர் விட்டுவிட்டார். எனக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்றுகூடத் தெரியவில்லை.

பழனியில் அவர்கள் பள்ளி மைதானம் சாலையை ஒட்டி இருந்தது. முள்கம்பி வேலிதான். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்தார்கள். களத்தில் எங்கள் கட்டங்கள் இல்லை. வெறும் மண். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. நிற்பதற்கு முன்னால் ஆடிக் காட்டிவிடுவோம் என்று ஆடினேன். தாவணியை இறுக்கிச் செருகிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடினேன், குதித்தேன். முதல் செட் எங்களுக்கு! அந்த வருஷத்தில் நாங்கள் ஜெயித்த முதல் செட். கேப்டன் என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே எங்கள் தெருக்காரர் ஒருவர், சந்தைக்குத் தோல் வாங்க வந்திருந்தவர், அப்போதுதான் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு வந்து நின்றார். பெரியத்தாவின் கூட்டாளி. நான் அவருக்கு ஸலாம் சொல்லலாமா என்று யோசித்தேன்.

"நகராதேம்மா" என்றார் டீச்சர். "ஒன்னையக் கெஞ்சிக் கேக்குறேன். நின்ன எடத்துலயே நின்னு ஆடு. தோத்தாலும் பரவால்ல."

தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்லும் ஒரு டீச்சர்! எனக்கு வந்த ஆத்திரத்தில், சரி, நீங்கள் கேட்டதையே தருகிறேன் என்று முடிவு செய்தேன். போய் என் இடத்தில் நின்றேன். அப்படியே நின்றேன். பந்து ஒரு முழம் தள்ளி விழுந்தால் அசையவில்லை. ஒரு சாண் தள்ளி விழுந்தாலும் அசையவில்லை. கேப்டன் ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கத்தினாள். நான் டீச்சரையே பார்த்தபடி நின்றேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்று நின்றேன். இரண்டாவது செட்டும் போனது, மூன்றாவது செட்டும் போனது.

கை குலுக்கும்போது எதிரணிப் பெண் ஒருத்தி என் பாதத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, கால்ல ஏதாச்சும் அடிபட்டுப் போச்சுங்களா? முதல்ல அத்தனை ஓடுனீங்களே" என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன்.

டீச்சர் வந்தார். என் தலையில் கை வைத்து, முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, "இன்னைக்குத்தான் நீ என் பேச்சைக் கேட்டு ஆடுனே" என்றார். கேலியே இல்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். ஸ்டேஷனில் எல்லோருக்கும் கொய்யாப்பழம் வாங்கினார். கூடையில் இருந்ததிலேயே பெரிய பழத்தை எனக்குக் கொடுத்தார். சாப்பிடக் கூடாது என்று ஒட்டன்சத்திரம் வரை கையில் வைத்திருந்தேன். அப்புறம் சாப்பிட்டுவிட்டேன். நன்றாக இனித்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தபோது போய் நின்றேன்.

"அத்தா, நான் பூப்பந்துல இருந்து நின்னுக்கிறேன். டீச்சருக்குச் சொல்லிக் குடுக்கவே தெரியலை. கட்டத்தை விட்டு நகரக் கூடாதுங்குறாங்க. ஆட்டம்னா நகரத்தானே வேணும்?"

அத்தா சட்டென்று பதில் சொல்கிறவர் இல்லை. துண்டால் கையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"அந்தம்மா இங்க வந்தாங்க, தெரியுமா ஒனக்கு? பள்ளிக்கூடம் தொறந்த மறு வாரம் ஒரு தரம். பழனிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தரம். பெரியத்தா உள்ளகூடக் கூப்பிடலை. வாசல்ல நின்னே பேசுனாங்க. 'புள்ளைய ஓட விட மாட்டேன், குதிக்க விட மாட்டேன், போட்ட கட்டத்துக்குள்ளயே நின்னு ஆடும், நான் பொறுப்பு'ன்னு சொன்னாங்க. மத்த மூணு வீட்டுலயும் போயி இதையேதான் சொல்லியிருக்காங்க."

நான் உடனே சொன்னேன்: "பாத்தீங்களா? அப்பவே அவங்களுக்கு ஆட்டம் தெரியலை!"

அத்தா என்னைப் பார்த்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "நேத்துப் பழனிக்குப் போயிருந்தவரு காலையில பெரியத்தாகிட்ட வந்து, 'நம்ம புள்ளைக அடக்கமா நின்னு ஆடுச்சுக'ன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார்.

அடக்கமாக நின்றோமாம். தோற்றது அவர் கண்ணில் படவில்லையா என்று எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

"போறதும் நிக்கிறதும் உன் இஷ்டம்மா" என்று அத்தா எழுந்தார். "பெரியத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

என் இஷ்டம் என்று யாரும் என்னிடம் அதுவரை சொன்னதில்லை. போ என்றோ நில் என்றோ அவர் சொல்லியிருந்தால் அதற்கு எதிராகவாவது ஏதாவது செய்திருப்பேன். திங்கள்கிழமை ஜட்காவில் ஏறும்போதுதான் நிற்பது என்று முடிவு செய்தேன். ஏறியபிறகு வேண்டாம் என்று தோன்றியது. பள்ளி வாசலில் மறுபடி நிற்பது என்றானது.

நாலு மணிக்கு டீச்சர் குனிந்து சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். முகம் வெளிறிப்போனது.

"யாரு சொன்னா? வீட்டுல நிறுத்தச் சொல்லிட்டாங்களா?"

"இல்ல டீச்சர்."

"பெரியத்தா ஏதாச்சும்..."

"அவங்களுக்கே தெரியாது டீச்சர். நானாத்தான்."

"நெசமா? நீயாத்தானா? யாரும் நிறுத்தலையே?"

"எனக்குப் புடிக்கலை டீச்சர். நீங்க சொல்லிக் குடுக்குற ஆட்டம் எனக்குப் புடிக்கலை."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஒரு டீச்சரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அடி விழும் என்று கண்ணை இடுக்கிக்கொண்டேன்.

டீச்சர் சிரித்தார். அந்த வருஷம் முழுக்க மைதானத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, போ. நீயாத்தானே போறே, போ" என்றார். மாற்று ஆளாக இருந்த சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு என் கட்டத்தில் நிறுத்தினார்.

நின்றபிறகும் ஐந்து மணி வரை நான் போக இடமில்லை. வண்டி வர வேண்டுமே. வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மற்றவர்கள் தப்புத் தப்பாக ஆடுவதைப் பார்த்தேன். ஜெயித்தது நானா அவரா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. அவர் ஆட்டம் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஜட்கா மணிச் சத்தம் கேட்கும்வரை யோசித்தேன்.