தீபாவளிக்கு வந்துவிடுவார்கள் என்ற வாக்கு

சண்டைக் காலத்தில் தளபதிகளும் தலைவர்களும் சொன்ன வாசகங்களை இப்போது நாள்காட்டியில் அச்சடித்து மாட்டுகிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் அந்த மாதிரி வாசகங்களைச் சொன்னவர்களின் வாயிலிருந்தே சுடச்சுடக் கேட்டவன். ஒன்றை நானே தமிழாக்கிச் சொன்னேன். அது எந்த நாள்காட்டியிலும் வராது.

அப்போது மலாக்காவின் காஜா பெராங்கில் எனக்குச் சைக்கிள் கடை. கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு பம்பு. மலாக்காவுக்கு ஒன்றும் ஆகாது, அவரவர் வேலையைப் பாருங்கள் என்று திடலில் பேசிய வெள்ளைக்காரத் துரை, அடுத்த வாரமே காரேறிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். பிறகு ஜப்பான்காரன் வந்தான், அதுவும் சைக்கிளில். டியூப் கிடைக்காத அந்த நாளில் டயருக்குள் கயிற்றை முறுக்கித் திணித்து ஓடவைத்தவன் நான். அந்த வித்தை ஊரில் வேறு எவனுக்கும் வரவில்லை. சாமான் இல்லாமல் தொழில் செய்தவனுக்குத்தான் தொழில் தெரியும். இன்று ஆயர் குரோவில் எனக்கு லாரிப் பட்டறை இருக்கிறதென்றால் சும்மா இல்லை. வேலை பார்த்துக்கொண்டே காதில் விழுந்ததை வைத்து ஜப்பான் பாஷையையும் பிடித்துக்கொண்டேன்.

அதனால்தான் ஆள் சேர்க்கும் அதிகாரி என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆண் போக வேண்டும் என்று உத்தரவு. எங்கள் வீட்டில் அண்ணனும் நானும். சைக்கிள் வேலைக்காக என்னை விட்டுவிட்டார்கள். அண்ணன் பக்கத்து வீட்டுப் பரணில் ஒளிந்துகொண்டார். அந்த வீட்டுப் பெரியவர் மலாக்காச் செட்டி. அவர் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய்.

கோயில் எதிரே கூட்டம் போட்டார்கள். அதிகாரி ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். ராணுவத்தானுக்கு வாக்கு ஒன்றுதான், உங்கள் தீபாவளிக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்றார். நம் பண்டிகையின் பெயரை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் வாயால் அதைக் கேட்டதும் கூட்டம் அப்படியே இளகிப்போனது. நானும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கணீரென்று தமிழில் சொன்னேன்.

அன்று சாயந்திரம் பரணிலிருந்து இறங்கிய அண்ணன் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வெத்திலை பாக்கு வெச்சு நீட்டுவோம். வாங்கிட்டான்னா வாக்கு. வாங்கலன்னா புளுகு, நான் மறுபடி மேல ஏறிக்கிறேன்."

எங்கள் ஜனத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை. பெண் கொடுப்பதானாலும், பிரிந்த பங்காளிகள் சேர்வதானாலும், தாம்பூலத்தட்டைக் கையில் வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு பேச்சு மாறக்கூடாது. செட்டிப் பெரியவர் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆனாலும் அவர் மலாயில் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"ஜாஙான் பெர்கி, போகாதே. உனக்கும் எனக்கும்தான் அது வாக்கு. அவனுக்கு அது வெறும் இலை."

அண்ணன் சிரித்தார். பரணில் எலிகளோடு படுத்த முதுகு, கொஞ்சம் நிமிர்ந்து நடக்க ஆசைப்பட்டது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அண்ணி தட்டு அலங்கரித்துக் கொடுத்தார். நான் கொண்டுபோனேன். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பு மடங்கக் குனிந்தார். நம் சம்பந்திகூட அப்படி வாங்கிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணி வாசலிலேயே மறித்தார்.

"தம்பி, ரெண்டு கையாலயும் வாங்குனாரா?"

"குனிஞ்சு வாங்குனாரு அண்ணி."

அவர் நேரே உள்ளே போனார். அண்ணனின் வேட்டியையும் கம்பளியையும் மூட்டையாகக் கட்டினார். மறுநாள் லாரியில் ஏறிய அண்ணன் கடைசிவரை கையாட்டிக்கொண்டே போனார்.

அந்தத் தீபாவளிக்கு யாரும் வரவில்லை. அடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. ஜப்பான்காரன் தோற்றபின் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அண்ணனோடு போன ஒருவர், காலரா வந்து முகாமைப் பிரித்தபோது கடைசியாகப் பார்த்தேன் என்றார். செத்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

பண்டார் ஹிலிரில் ஜப்பான் கைதிகள் சாக்கடை அள்ளுவதைப் பார்த்தபோது, அவர்களுக்குள் அந்த அதிகாரியும் இருந்தார். கிட்டே போனேன். என் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். மேலிடம் சொல்லச் சொன்னதைச் சொன்னேன், தீபாவளி என்றால் என்னவென்றுகூட எனக்குத் தெரியாது என்றார். பிறகு தட்டை வாங்கிய நாளைப் போலவே இடுப்பு மடங்கக் குனிந்தார். காவலுக்கு நின்றவன் அதட்டியதும் அவனுக்கும் அப்படியே குனிந்தார். அடிக்கத்தான் போனேன். கை எழவில்லை.

அண்ணியிடம் மறைக்கவில்லை. முழுவதையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"கூட்டத்துல பேசினப்போ, எந்தத் தீபாவளின்னு சொன்னாரா தம்பி?"

நன்றாக யோசித்துப் பார்த்தேன். என் ஞாபகம் இரும்பு.

"சொல்லல அண்ணி."

அவர் முறத்தை எடுத்துக்கொண்டார். செமாபோக்கில் நான் கட்டிய வீட்டில் அவருக்கு ஓர் அறை கொடுத்தேன், குறை ஒன்றும் வைக்கவில்லை. சாகும்வரை அவர் பொட்டு வைத்திருந்தார். அழிக்கச் சொல்ல எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை.