மொதல்ல எனக்கு மாட்டுங்க

ஐம்பதுகளில் காரைக்கால் ஆஸ்பத்திரி ஒன்றில், இருதயத் துடிப்பைக் கோடாக எழுதும் இ.சி.ஜி. மெஷின் என் பொறுப்பில் இருந்தது. ஐந்து ஒயர், கைகால்களுக்கு நான்கு தகடு, நெஞ்சில் ஒட்டும் ரப்பர் குமிழ் ஒன்று. காலையில் எண்ணுவேன், மாலையிலும் எண்ணுவேன். அப்படியிருந்தும் ஒருநாள் கோடு கெட்டுப்போனது.

படுத்திருந்தவர் தங்கவேலு, மீன்பிடிப்பவர். வலை இழுக்கும்போது நெஞ்சு வலித்ததாம்.

"வாய்வுதாங்க. சோடா குடிச்சா ஏப்பத்துல போயிடும். நாளைக்கு கடலுக்குப் போவணும்" என்றார்.

போகலாமா கூடாதா என்பதை, மெஷின் எழுதித் தரும் ட்ரேசிங்கைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல வேண்டும்.

சூடான ஊசி காகிதத்தில் ஓடியது. மெல்லிய கோடு வரவேண்டிய இடத்தில் தடித்த பட்டை வந்தது. தகடுகளுக்கு அடியில் பூசிய ஜெல்லியைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். எர்த் ஒயரைப் பார்த்தேன். மூன்று முறை எடுத்தும் அப்படியே.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, இருதயத்த எடுக்கச் சொன்னா எறா மீசைய எடுத்து வச்சிருக்கீர்?"

நிமிர்ந்தபோதுதான் கண்டேன். தங்கவேலுவின் மனைவி செல்லம்மா, பயத்தில் நடுங்கிய அவர் கையை இறுகப் பிடித்தபடி, சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தார். சுவர் ஒயரின் மின்சாரம் அவர் உடம்பு வழியாக ட்ரேசிங்கில் கலந்துகொண்டிருந்தது.

"கைய எடுங்கம்மா."

"மாட்டேன். கரண்டு வக்கிறீங்க. பாதி எம்மேலயும் போவட்டும்."

"இது கரண்டு குடுக்காதும்மா. நெஞ்சு துடிக்கிறப்ப அதுவே உண்டாக்குற கரண்டத்தான் எழுதுது. எனக்கே மாட்டிக் காட்டவா?"

"ஒங்களுக்குப் பழகியிருக்கும். மொதல்ல எனக்கு மாட்டுங்க."

பக்கத்து பெஞ்சில் படுக்கவைத்து மாட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊசி ஓடி நின்றது.

"அவ்ளோதானா? எறும்புக்கடி கூட இல்ல!" என்று எழுந்து கணவரைப் பார்த்தார். "இதுக்கா நடுங்குன, பெரிய கடலோடி!"

தங்கவேலு சிரித்துவிட்டார். நடுக்கமும் போனது. செல்லம்மா தள்ளி நின்றார்.

கோடு சுத்தமாக வந்தது. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அடிக்கோட்டுக்கு இறங்காமல், காகிதத்தில் அச்சிட்ட சிறு கட்டங்களில் மூன்று கட்டம் மேலேயே நின்றது. டாக்டர் கேலியை விட்டார்.

"வாய்வு இல்லம்மா, மாரடைப்பு. கட்டில விட்டு எறங்கவே கூடாது."

"படகு போனாப் போவுது. இவர வச்சுக்குங்க" என்றார் செல்லம்மா.

ஆறு வாரம் கழித்துத் தங்கவேலு நடந்தே வெளியே போனார்.

அதன்பின் பயந்த நோயாளி வந்தால், கூட வந்தவருக்கு முதலில் ஒரு கோடு எடுத்துக் காட்டுவேன். காகிதம் வீணாகிறதே என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்ளும். இருந்தாலும் எடுப்பேன். பயம் போகாமல் கோடு சுத்தமாக வராது. மெஷினோடு வந்த புத்தகத்தில் அது இல்லை. செல்லம்மா தந்த பாடம்.

போன மாதம் இ.சி.ஜி. எடுக்க நானே படுக்க வேண்டி வந்தது. "கைய எடுங்கம்மா, லைன் ஆடுது" என்று டெக்னீஷியன் என் மனைவியிடம் சொன்னார். அவள் எடுக்கவில்லை.

"மொதல்ல அவங்களுக்கு மாட்டுங்க தம்பி" என்றேன்.