முழங்கால் உயரத்தில் ஒரு பட்டமளிப்புப் படம்

யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் அம்மா முதலில் நாற்காலியைத் தட்டிப் போட மாட்டாள். கூடத்தை ஒருமுறை சுற்றி வருவாள். மாட்டியிருக்கும் ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையையும் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள். படம் நேராகும். அடுத்ததற்குப் போவாள். யாரும் வராத நாட்களிலும் இதைச் செய்வாள். சின்ன வயதில் அதை நான் சுத்தக்காரியின் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். படம் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் பின்னால் இருக்கும் ஓட்டை தலைகாட்டிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது.

ஓட்டைகள் என் அண்ணன் போட்டவை.

நாங்கள் இருந்தது வாடகைக்கு ஒரு நடுமாடி. ஒரே பெரிய அறையை நடுவில் பலகை வைத்து அடைத்து, இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் அடுப்பும் படுக்கையும் என்று பிரித்திருந்தார்கள். வண்ணம் பூசியிருந்ததால் பார்க்கச் சுவர்தான். விரலால் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லை என்று சத்தம் சொல்லிவிடும். ஓங்கிக் குத்தினால் முஷ்டி மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போகும். அண்ணனுக்கு மீசை அரும்பின வயதில் அது தெரியவந்தது.

அவன் குடிப்பதில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். தெளிந்த புத்தியோடுதான் அடித்தான். சட்டையில் பொத்தான் இல்லை என்பதற்கு ஒரு நாள். நான் சிரித்த சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று ஒரு நாள். சரக்கு லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. தோள் இரண்டும் கல். அப்பா நான் நடை பழகுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் வீட்டில் அவன் கையைப் பிடிக்க ஆள் கிடையாது.

முதல் ஓட்டை தோள் உயரத்தில். அம்மா வேலை செய்த சோபா ரிப்பேர் கடையில் யாரோ தூக்கிப் போட்ட ஏரிப் படம் ஒன்றை எடுத்து வந்து அதன்மேல் மாட்டினாள். இரண்டாவது அவள் தலைக்கு நேராக விழுந்தது. அவள் குனிந்ததால் சுவரோடு போயிற்று. அங்கே ஒரு வட்டக் கண்ணாடி வந்தது. தினமும் காலையில் அதில் பார்த்துத்தான் தலை வாருவாள். இடுப்பு உயரத்தில் இரண்டு, நாற்காலிக் காலால் குத்தியவை. ஒன்றுக்குப் பூனைப் படம், இன்னொன்றுக்கு யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தின் குழுப்படம், சட்டத்தோடு கிடைத்தது. கேட்பவர்களிடம் "தூரத்துச் சொந்தம்" என்பாள்.

கடைசி ஓட்டை என் தேர்வு முடிவு வந்த நாளில். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "மூட்டை தூக்கினவன் காசுல படிச்சிட்டு மகாராணி மாதிரி நிக்கிறா பாரு" என்றான். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், வேறெப்படி நிற்பது என்று தெரியவில்லை. தட்டு பறந்தது. பிறகு அவன் கை. என் இடது காதில் அன்றைக்குத் தொடங்கிய விசில் சத்தம் இன்னும் நிற்கவில்லை. நான் நகர்ந்ததும் அவன் காலால் விட்ட உதை பலகையைத் துளைத்தது. முழங்கால் உயரம்.

அந்த இடத்தில்தான், பட்டமளிப்பு அங்கியோடு நான் எடுத்துக்கொண்ட படத்தை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். என்னை நானே பார்க்கக் குந்த வேண்டியிருந்தது. மேல்மாடியில் இருந்த பெயின்டர் மாமா, "பட்டதாரியைப் பாக்கணும்னா முட்டி போடணுமா? நல்ல மரியாதைதான்" என்று சிரிப்பார். பெருமைக்காகச் சட்டம் போட்டாளா, ஓட்டைக்காகப் போட்டாளா? அவளிடம் இதைக் கேட்க எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் கிடைத்தது. கேட்டதில்லை.

அம்மாவின் வேலை கிழிப்பது. பழைய சோபா வந்ததும் அதன் தோலைக் கத்தியால் கீறி, ஆணிகளைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் பஞ்சையும் ஸ்பிரிங்கையும் வெளியே இழுத்துப் போடுவாள். கடை முதலாளி, "உங்கம்மா கையில கத்தி இருக்கும்போது நான் கடன் வசூலிக்கப் போக மாட்டேன்" என்பார். அத்தனை வேகம். அந்தக் கைதான் வீட்டில் படம் நேராக்கிக்கொண்டிருந்தது. கேட்டால், "சுவருதானே? சுவருக்கு வலிக்குமா?" என்பாள். என் காதிலிருந்து ரத்தம் வந்த பிறகு அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மட்டும், "ஸ்டூல் மேலேர்ந்து விழுந்துட்டா" என்றாள். எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த ஸ்டூலிலிருந்துதான் விழுவோம்.

இப்படி இருக்கும்போது வீட்டுக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறேன், பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பேன் என்றார். கைகழுவும் தொட்டி உடைந்திருந்ததற்காகக் கீழ்மாடிக்காரர்களைக் காலி செய்யவைத்தவர் அவர். எங்களுக்கோ வேறு வீடு கிடைக்க வழியில்லை. அந்த வட்டாரத்து வீட்டுத் தரகர் ஒருவரின் மூக்கை அண்ணன் நடுத்தெருவில் உடைத்திருந்தான். மற்ற தரகர்கள் எங்கள் போனை எடுப்பதில்லை.

"ஹாலை மாத்திடலாம்" என்றாள் அம்மா. "பெரியவன் வெளியூர் லோடுக்குப் போயிருக்கான். திங்கக்கிழமைதான் வருவான்."

கையில் இருந்தது சொற்பம். அதற்குள் அடங்கினதைச் செய்தோம். பெயின்டர் மாமா வேலை முடிந்த இடங்களில் மிஞ்சிய வண்ண டப்பாக்களைக் கொண்டு வந்து ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினார். வெளிர்பச்சை மாதிரி ஒன்று வந்தது.

"இது என்ன கலர், தம்பி?" என்றாள் அம்மா.

"பாதி பள்ளிக்கூடம் அக்கா, பாதி பல் டாக்டர் கிளினிக்."

"அப்ப உக்காந்தாலே பயம் வரும்."

ஓட்டைகளை அவர் அடைத்த விதத்தை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு பலகைத் துண்டின் நடுவில் கயிறு கட்டி, அதைச் சாய்த்து ஓட்டைக்குள் விட்டு, கயிற்றை இழுத்து உள்பக்கமாகப் பிடிக்கவைத்தார். அதன்மேல் வலைத்துணி, அதன்மேல் பட்டி. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கையால் தடவினால் ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை. அம்மா தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கடையில் மிஞ்சிய துணியை எடுத்து, அண்ணன் வழக்கமாக உட்காரும் ஒற்றை சோபாவுக்கு உறை மாற்ற ஆரம்பித்தாள். அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தோம். வாயில் ஆணிகள், கையில் சின்னச் சுத்தியல். பாட்டு ஏதோ முணுமுணுத்தாள் என்றுகூட நினைவு.

சாயங்காலம் அண்ணன் வந்துவிட்டான். லோடு பாதியிலேயே ரத்தாகிவிட்டதாம்.

வாசலில் நின்று பார்த்தான்.

"என் சேர் எங்க?"

"அங்கதான் பெரியவனே, ஜன்னலாண்ட" என்றாள் அம்மா, ஆணிகளைத் துப்பிவிட்டு.

"யாரைக் கேட்டு நகத்தினீங்க? எவன் வரான்னு இந்த சிங்காரம்?" அவன் அடைத்த இடத்தில் கை வைத்துப் பார்த்தான். "ஓ. நான் செஞ்சதை எல்லாம் மூடி மறைச்சிட்டு, நல்ல குடும்பம்னு காட்டப்போறீங்க."

"டேய், பெயின்ட் ஈரமா இருக்குடா. நாளைக்குக் கோவப்படு" என்றார் பெயின்டர் மாமா ஏணி மேலிருந்து. வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அண்ணன் ஏணியின் காலை ஓர் உதை விட்டான். மாமா கூரைப் பக்கமாகக் கையை நீட்டினார், பிடிக்க ஒன்றுமில்லை. முகம் ஜன்னல் விளிம்பில் மோதிய சத்தம் கேட்டது. வாளி கவிழ்ந்து தரையெல்லாம் வெளிர்பச்சை. அதில் அவர் மண்டியிட்டு வாயைப் பொத்தியிருந்தார், விரல் இடுக்கில் சிவப்பு ஒழுகியது. நான் அவரைத் தூக்கப் போனேன். அண்ணன் என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் இழுத்தான். கண் திறந்தபோது அவன் வலது கையில் ஸ்டூல் என் தலைக்கு மேலே இருந்தது. எல்லாரும் விழுகிற அதே ஸ்டூல்.

அம்மா எழுந்து வந்ததை நான் பார்க்கவில்லை. ஆணி அடிப்பதுபோலத்தான் அடித்தாள், அலட்டலில்லாமல், சுத்தியலால், அவன் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். காய்ந்த குச்சி முறிகிற சத்தம். அவன் ஸ்டூலை இடது கைக்கு மாற்றினான். அம்மா அந்தத் தோளில் ஒன்று வைத்தாள்.

"கீழ வை" என்றாள்.

"அம்மா" என்றான். அந்தக் குரலை நான் அவனிடம் கேட்டதேயில்லை.

"கீழ வைன்னேன்."

வைத்தான். அம்மா சோபாச் சட்டத்திலிருந்து கழற்றிப் போட்டிருந்த இரண்டு மரப்பட்டைகளை அவன் கையின் இருபுறமும் வைத்து, உறைத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். முகம் முழுக்க வியர்வை. அவன் பற்களைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போ. ஸ்டூல் மேலேர்ந்து விழுந்தேன்னு சொல்லு. அந்தப் பொய்தான் உனக்கு நல்லாத் தெரியுமே." முடிச்சுப் போட்டாள். "கை ஆறினதும் இங்க வராத."

அவன் படியில் இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் மாமா தரையில் துழாவி எதையோ எடுத்தார். முன்பல். வண்ணம் அப்பியிருந்தது.

"இதுக்கும் ஒரு கோட் அடிச்சாச்சு அக்கா" என்றார், வாயெல்லாம் ரத்தத்தோடு.

அம்மா அவர் பக்கத்தில் குந்தினாள். "தம்பி, அந்தப் பல்லை நான் கட்டித் தரேன். இது என் பாக்கி. செத்தாலும் மறக்க மாட்டேன்."

வாயில் துணியை அடக்கிக்கொண்டே அவர் மிச்சச் சுவரை முடித்தார். நான் தரையைத் துடைத்தேன். பச்சையும் சிவப்பும் கலந்து துணியில் சேறாக வந்தது.

மறுநாள் காலையில் கூடம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஜன்னலில் புதுத்திரை, சோபாவில் புது உறை, சுவரில் ஒரு கீறல் இல்லை. அம்மா படங்களைத் துடைத்து ஒவ்வொன்றாக மாட்டினாள். நான் ஆணியை எடுத்துக் கொடுத்தேன். இருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கார அம்மா வந்து சமையல் பக்கம் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், கூடத்துக்கு வந்து நின்றார்.

"நல்லாதான் வெச்சிருக்கே. செலவு பண்ணியிருக்கே போல."

"கடை மிச்சம்தான்மா."

"அதெல்லாம் சரி. படத்தை எதுக்கும்மா இடுப்புல மாட்டியிருக்கே? பொண்ணு பட்டம் வாங்கினதைத் தரையில வெச்சிருக்கே. குழந்தைங்க இருக்கிற வீடா இது?"

அப்போதுதான் பார்த்தேன். ஓட்டைகள் இல்லை. ஆனால் படங்கள் எல்லாம் ஓட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அத்தனை வருஷப் பழக்கத்தில் எங்கள் கண்ணுக்கு அதுதான் படம் மாட்டும் இடம்.

அந்த அம்மா சிரமப்பட்டுக் குனிந்து என் படத்தைத் தூக்கிப் பார்த்தார். வண்ணம் காயாத வட்டம் ஒன்று. பூனைப் படத்தைத் தூக்கினார். கண்ணாடியைத் தூக்கியபோது அம்மாவின் தலையையும் அந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலா, கையா?"

அம்மா கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கி மாட்டினாள்.

"என் வீட்டுல நான் பீரோவை நகர்த்தி மறைச்சு வெச்சிருந்தேன்" என்றார் அவர். "கனம். ஒவ்வொரு தடவையும் இடுப்பு போயிடும். யாரு, புருஷனா?"

"பையன்."

"எங்க அவன்?"

"அனுப்பிட்டேன்."

"நீங்க ரெண்டு பேரும் இருக்கலாம். அவன் வந்து ஒரு நாள் தங்கினாலும் மூணு பேரும் கிளம்பணும். முடியுமா உன்னால?"

அம்மா வாசலைப் பார்த்தாள், பிறகு என் காதை. "முடியும்" என்றாள்.

முடிந்தது; சுலபமாக இல்லை. கட்டுப் பிரித்ததும் வந்தான். கதவை உதைத்தான், கெட்ட வார்த்தையில் கூப்பிட்டான், பிறகு பசிக்கிறது என்றான். அம்மா கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வோர் உதைக்கும் அவள் உடம்பு முன்னால் வந்து போயிற்று. மடியில் சுத்தியல். அவன் பசிக்கிறது என்றபோது மட்டும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அதன்பிறகு அவன் வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. தூக்குகிற கை கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறதாம்.

படங்களை ஒருநாள் நான் கண் உயரத்துக்கு ஏற்றி மாட்டினேன். அம்மா அண்ணாந்து பார்த்து, "யாரு வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்கு. கழுத்து வலிக்குது" என்றாள். ஆனாலும் கீழே இறக்கச் சொல்லவில்லை. மூலையை அழுத்தும் பழக்கத்தை விடவும் இல்லை.

பல் மட்டும் நடக்கவில்லை. அம்மா படியில் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, நாளைக்குப் போலாமா?" என்பாள். மாமாவுக்குப் பல் டாக்டர் என்றால் நடுக்கம். "அந்தக் கிளினிக்குக்கு நானே பெயின்ட் அடிச்சேன் அக்கா, உள்ள கேட்ட சத்தம் எனக்குத் தெரியும்" என்று நழுவுவார். பயமா, எங்களிடம் வாங்கக் கூசினாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அம்மாவுக்கு நெஞ்சு நின்றுபோயிற்று, கடையில், பாதி கிழித்த சோபாவின் பக்கத்தில்.

காரியமெல்லாம் முடிந்து நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "மாமா, வாங்க. பல்லை நான் கட்டித் தரேன்."

அவர் நாக்கால் அந்த இடைவெளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீ கட்டினா அது நீ கட்டினதும்மா. இது உங்கம்மா பாக்கி. இருக்கட்டும்."

இன்னும் அப்படியேதான் இருக்கிறது.