மாமியின் பக்கத்துச் சுவர்

என் மனைவி இறந்த பிறகும் நான் அவளுடைய தாயின் வீட்டிலேயே இருந்தேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. அன்புவழிபுரத்தில் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிற சிறிய கல்வீடு அது. இரண்டு அறை, ஒரு ஹோல், பின்னால் குசினி. ஒரு அறையில் மாமி படுப்பா, மற்றதில் நான். நடுவில் ஒற்றைக்கல் சுவர்.

என் அறையில் ஏசி பூட்டியது என் மனைவிக்காகத்தான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிவிட்டு வந்தால் உடம்பெல்லாம் எரியுது என்பாள். பதினெட்டில் வைத்தால்தான் கண் மூடுவாள். குளிர் வெளியே போகாமல் இருக்க, யன்னலுக்கு மேலே இருந்த காற்றோட்டைகளை ரெஜிபோம் அட்டை வெட்டி அடைத்தேன். நான் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன்.

புரட்டாதியில் அவள் போய்விட்டாள். ஏசி பதினெட்டிலேயே ஓடியது. அவள் நினைவாக வைத்திருந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் மாற்ற வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. காலையில் துறைமுகப் பக்கம் இருக்கிற சீமெந்துக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போவேன். மூட்டைகளில் ஈரம் படுகிறதா, சுவரில் முட்டிக்கொண்டு அடுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. பின்னேரம் வந்து, மாமி மூடி வைத்திருப்பதைச் சாப்பிட்டு, கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுவிட்டுப் படுப்பேன். மெஷின் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்காது.

மாரி தொடங்கியது. உடுப்புகளை ஹோலிலே கயிறு கட்டிக் காயப்போட்டோம். துவாய் காயாது, மணக்கும். மாமி இருமத் தொடங்கினா. மழைக்கு இருமல் வருவது வழமைதானே என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மாமியின் அறையில் பல்ப் எரியவில்லை. மாற்றித் தரச் சொன்னா. மருமகன் என்று நான் அந்த அறைக்குள் அதிகம் போனதில்லை. கதவைத் திறந்ததும் ஊறிய சாக்கு மணம் வந்தது. கதிரையில் ஏறிப் புதுப் பல்பைப் போட்டேன். வெளிச்சம் வந்ததும் சுவரைப் பார்த்தேன். என் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருக்கிற சுவர், கட்டில் உயரத்திலிருந்து மேலே வரைக்கும் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கை வைத்தேன். உள்ளங்கை நனைந்தது. கட்டில் சுவரை விட்டு அறையின் நடுவுக்கு இழுக்கப்பட்டிருந்தது.

"இது எப்ப துடக்கம் மாமி?"

"மாரிதானே தம்பி. எல்லா வீட்டிலயும் இப்படித்தான்."

"கட்டிலை இழுத்திருக்கிறீங்கள்."

"ஓம். பெட்சீற் நனையுது."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் களைச்சுப்போய் வாறனீங்கள்."

அடுத்த நாள் ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். கூரை ஒழுகுது என்றார். ஏறிப் பார்த்தால் கூரை நல்லாக இருந்தது. அப்படியென்றால் நிலத்து ஈரம் ஏறுது என்று பூச்சைக் கொத்தினார். உள்ளே கல் காய்ந்து, வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மாரி முடியட்டும் பார்ப்பம் என்று சொல்லிப்போட்டுப் போனார். கொத்திய பள்ளம் அப்படியே இருந்தது.

போனில் தேடியபோது ஒரு வழி கிடைத்தது. ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப் ஒட்டிச் சுவரில் பதித்து வைக்க வேண்டும். ஈரம் பொலித்தீனுக்குப் பின்னால் பிடித்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்னால் பிடித்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. செய்து பார்த்தேன். விடிய எழும்பிப் பார்க்க, முன்பக்கம் முழுக்கத் துளித்துளியாய்த் தண்ணீர். பின்பக்கம் காய்ந்திருந்தது.

"வெளித் தண்ணி இல்லை மாமி. அறைக்குள்ள இருக்கிற காத்துதான் வேர்க்குது."

"அப்படியா," என்றா. ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

உடுப்புக் கயிற்றை ஹோலிலிருந்து கழற்றிப் பின்பத்திக் கூரைக்குக் கீழே கட்டினேன். சமைக்கும்போது குசினிக் கதவைச் சாத்தச் சொன்னேன். மாமியின் அறையில் ஃபானை எப்போதும் ஓடவிட்டேன். சுவர் வேர்த்தபடியே இருந்தது.

அந்த மாதமே தம்பலகாமத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். அன்று பின்னேரமே திரும்ப நினைத்தேன். மழை பிடித்து றோட்டில் வெள்ளம் ஏறியதால் இரண்டு இரவு நிற்க வேண்டி வந்தது.

"இன்னும் அந்த வீட்டிலயே இருக்கிறாய்," என்றா அக்கா, சோறு போட்டுக்கொண்டே. "மனிசி இல்லாத வீட்டில மாமியோட இருந்து என்ன செய்யப்போறாய்? ஆக்கள் கதைக்கிறாங்கள். இஞ்ச அறை சும்மாதானே கிடக்கு."

"பாப்பம்," என்றேன். அக்கா சொன்னது சரியா பிழையா என்றுகூட நான் யோசிக்கவில்லை. கறி நல்லாயிருந்தது. சாப்பிட்டேன்.

திரும்பி வந்த அன்றும் மழை விடவில்லை. மாமியின் அறைக் கதவு திறந்து கிடந்தது. பழக்கத்தில் உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தேன். கை நனையவில்லை. பூஞ்சணம் விரலில் தூளாக ஒட்டியது. மாமி கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா.

"மாமி, சுவர் காஞ்சிருக்கு."

"ஓம்."

"மழை விடேல்லையே."

மாமி அடுத்த சட்டையை எடுத்து மடித்தா. நான் என் அறைக்குப் போனேன். நான் இல்லாத இரண்டு இரவும் ஏசி ஓடவில்லை. அங்கே இருந்து பார்த்தால், ஏசியின் வாய்க்கு நேரெதிரே இருப்பது அந்தச் சுவர். இரவு முழுக்கக் குளிர்காற்று அதில்தான் அடிக்கும். என் பக்கத்தில் ஏசியே காற்றை உலர்த்திவிடும். ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை. குளிர் மட்டும் அந்த மெல்லிய சுவரைத் தாண்டி மறுபக்கம் போகும். ஐஸ்பெட்டியால் எடுத்த சோடாப் போத்தல் வேர்க்கிற மாதிரி மாமியின் பக்கம் வேர்க்கும். சீமெந்து மூட்டைகளுக்கு நான் பார்த்த பார்வையை ஒருநாளும் இந்த வீட்டில் பார்க்கவில்லை.

திரும்ப மாமியின் கதவடியில் போய் நின்றேன்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும். பிள்ளை இருக்கேக்கையே வேர்த்தது. அப்ப வெயில் காலம், பகல்ல காஞ்சிடும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அவளுக்கு எரியுது, குளிர் வேணும். நான் என்னத்தைச் சொல்ல?"

"இப்ப?"

மடித்த சேலையை மடியில் வைத்தா. "சொன்னா நீங்கள் ஏசியை நிப்பாட்டுவீங்கள். பிறகு நித்திரை வராது. அக்கா வீட்டை போயிடுவீங்கள் எண்டு நினைச்சன்."

எனக்குள் ஏதாவது அசையும் என்று காத்திருந்தேன். அசையவில்லை. போய் ஏசியின் பிளக்கைக் கழற்றி வைத்தேன். கதிரையை வைத்து ஏறி, ரெஜிபோம் துண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன். தூசியும் பல்லி முட்டையும் தலையில் கொட்டின. ஓட்டைகள் வழியாக மழைச்சத்தம் உள்ளே வந்தது. யன்னலையும் திறந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சுவரைத் துப்புரவாக்கினோம். மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு, குளோரின் தண்ணீரில் பூஞ்சணத்தை ஊறவைத்து, நான் மேலேயும் மாமி கீழேயுமாகச் சுரண்டினோம். உங்களுக்கு இருமல், வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. யன்னலடியில் போய் நின்று இருமிவிட்டு வந்து திரும்பவும் சுரண்டினா.

"இந்த இடத்திலதான் கை வைச்சுப் பாக்கிறனான்," என்றா ஒருதரம். "சுவர் நல்லாக் குளிர்ந்தா, பிள்ளை நித்திரையாகீட்டாள் எண்டு நினைப்பன். பிறகு நானும் படுப்பன்."

நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

"அவள் போன பிறகும் குளிர்ந்தது," என்றா. "கை வைக்கிறதை நான் விடேல்ல."

"தள்ளுங்கோ மாமி, கண்ணில தெறிக்கும்," என்றேன். அவ தள்ளி நின்றா. கறுப்புத் தண்ணீர் வழிந்து நிலத்தில் விழுந்தது. பழைய துணியால் அதை ஒற்றி எடுத்தேன். அவளுக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அழுதது இல்லை. அன்றும் அழவில்லை.

ஏசி இல்லாமல் முதலில் சரியான நித்திரை வரவில்லை. புழுக்கமாக இருந்தது, நுளம்பும் வந்தது. வலை வாங்கிக் கட்டினேன். சுவருக்கு அப்பால் மாமி இருமுவது இப்போது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் சளி, மருந்து தந்தார்கள். தையில் வெயில் வந்ததும் சுவர் நன்றாகக் காய்ந்தது. மேசன் கொத்திய பள்ளத்தை நானே சாந்து பூசி அடைத்தேன். பிறகு பெயின்ட் அடித்தோம். இருமல் நிற்க மாசியாகிவிட்டது.

அக்கா போன் எடுத்து அறை கூட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னா. மாமி குசினியில் இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும். நான் போனை வைத்ததும் வந்து கதவடியில் நின்றா.

"போறதெண்டால் முதலே சொல்லுங்கோ தம்பி. திடீரெண்டு போகாதேங்கோ."

"ஓம் மாமி."

"இப்ப போறீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். போக வேண்டும் என்றும் இல்லை, இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் கேட்டவவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

"இல்லை," என்றேன்.

"அப்ப கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ. அடுப்பில கறி கிடக்கு."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.